கிரய வழக்கில் தோற்றபின் ஸ்டே: எந்தக் கோர்ட்டில் கேட்பது?

காட்பாடி பக்கம் மனை விலை ஏறியபின், பழைய விலைக்குப் போட்ட கிரய ஒப்பந்தங்கள் கோர்ட்டுக்கு வருவது புதிதல்ல. விற்பதாக எங்கள் அண்ணன் போட்டதும் அப்படித்தான் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு வந்தது. மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு கிரயம் செய்து கொடு என்று டிகிரி (தீர்ப்பாணை) ஆகிவிட்டது.

அப்பீல் போட்டாலே எதிராளி சும்மா இருக்க வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். அது தப்பு. அப்பீல் நிலுவையில் இருப்பது மட்டும் தடையாகாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 5 நேராகவே சொல்கிறது. டிகிரியை நிறைவேற்றாமல் நிறுத்திவைக்கக் கேட்கும் ஸ்டே மனுவைத் தனியாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் வாங்குகிறவர் நிறைவேற்று மனு (இ.பி.) போடுவார். அண்ணன் கையெழுத்துப் போட மறுத்தாலும் கட்டளை 21, விதி 34-ன்படி கோர்ட்டே அவர் சார்பில் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடும். அது பதிவாகிவிட்டால் ஸ்டேக்கு வேலையில்லை. அப்பீலில் ஜெயித்தபின் பிரிவு 144-ல் சொத்தைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டியதுதான்.

டிகிரி கொடுத்த கோர்ட்டிலேயே கேட்பது ஒரு வழி. அப்பீல் கெடு முடியுமுன் மனு போட வேண்டும். மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும் அப்பீலுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்பு நகல் கிடைக்க ஆகும் நாளைக் கழித்துக்கொள்ளலாம். செலவு குறைவு, வழக்குக் கட்டு அங்கேயே இருக்கிறது. ஆனால் கிடைப்பது அப்பீல் போடுகிற வரைக்குமான மூச்சுதான். நகலுக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

நாங்கள் போனது அப்பீல் கோர்ட்டுக்கு. மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன். தாமதிக்காமல் வந்தாரா, ஸ்டே இல்லாவிட்டால் பெரிய நஷ்டம் வருமா, தோற்றால் டிகிரிப்படி நடப்பதற்கு ஜாமீன் கொடுக்கிறாரா என்று மூன்றையும் பார்ப்பார்கள். கெடு தாண்டிப் போனால் கதை வேறு. தாமத மன்னிப்பு மனுவோடு வரும் அப்பீலை விசாரணைக்கு ஏற்பது என்று முடிவாகும்வரை ஸ்டே தரக்கூடாது என்கிறது அதே கட்டளை 41-ன் விதி 3அ. எதிராளி கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதே என்ற முன்மனு) போட்டிருந்தால் அவரைக் கேட்காமல் உத்தரவு வராது. கேவியட்டுக்கு ஆயுள் 90 நாள்.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது ஸ்டே எங்கே சுலபமாகக் கிடைக்கும் என்பதல்ல, கிடைத்ததை எங்கே கட்டிக்காக்க முடியும் என்பது. ஸ்டே பெரும்பாலும் நிபந்தனையோடுதான் வரும்: வழக்குச் செலவை இத்தனை வாரத்துக்குள் கட்டு, சொத்தை விற்காதே, அடமானம் வைக்காதே. கட்டத் தவறினால் ஸ்டே தானாக ரத்து என்று உத்தரவிலேயே எழுதிவிடுவதும் உண்டு. அதனால் பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு மனு போடுங்கள். அடுத்து, ‘அடுத்த வாய்தா வரை’ என்று கிடைத்த இடைக்கால ஸ்டேயை அந்தந்த வாய்தாவில் நீட்டிக்கச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் ஸ்டே தானாக விலகும் என்ற 2018-ம் ஆண்டுத் தீர்ப்பை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு மாற்றிவிட்டது. அதை நம்பி, தேதி போட்ட ஸ்டேயை நீட்டிக்காமல் விட்டுவிடக் கூடாது. இந்தக் காவல் வேலையை அப்பீல் நடக்கிற கோர்ட்டிலேயே செய்வது சுலபம். அதே வக்கீல், அதே வாய்தா.

ஸ்டே சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தால் இன்னொரு கவனம் வேண்டும். கீழ்க்கோர்ட்டுக்குத் தெரிவித்த நேரத்திலிருந்துதான் அது செல்லும். தபால் வருமுன், உத்தரவு நேரடியாகத் தெரியும் என்று அப்பீல் போட்டவர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் கீழ்க்கோர்ட் அதை ஏற்று நடக்க வேண்டும். கட்டளை 41, விதி 5-ன் விளக்கத்திலேயே இது இருக்கிறது. அதே நாளில் இ.பி. வாய்தா இருந்தால் இது ஒன்றுதான் காப்பாற்றும்.

மூன்றாவது வழி, நிறைவேற்றும் கோர்ட்டில் நிறுத்தச் சொல்வது. கட்டளை 21, விதி 26 வேறு கோர்ட்டிலிருந்து அனுப்பப்பட்ட டிகிரிக்குத்தான். அதுவும் மேலே போய் ஸ்டே வாங்கிவரக் கொஞ்சம் அவகாசம், அவ்வளவே. விதி 29-க்கு, டிகிரிதாரர் மீது தனி வழக்கு அங்கே நிலுவையில் இருக்க வேண்டும். இந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை, வக்கீல் சொன்னதுதான்.

எதற்கும் முன்னால், டிகிரியில் சொன்ன கெடுவுக்குள் எதிராளி மீதிப் பணத்தை டெபாசிட் செய்தாரா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் பிரிவு 28-ன்படி ஒப்பந்தத்தையே ரத்து செய்யச் சொல்லி அதே வழக்கில் மனு போடலாம். கோர்ட் அவருக்குக் கெடுவை நீட்டிக்கவும் செய்யலாம்; ஆனாலும் கேட்டு வைப்பது நல்லது.