கோலா செபெத்தாங் அலையாத்திக் காட்டுப் படகுச் சேவை: ஒரு மதிப்பீடு

பாகான் செராயிலும் அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் வாழும் நம்மவர்கள் பேராக்கின் கடலோர ஊரான கோலா செபெத்தாங்கிற்குப் பெரும்பாலும் மீன் வாங்கவோ இறால் மீ சாப்பிடவோதான் போகிறோம். அங்கேயே மாத்தாங் அலையாத்திக் காட்டை வழிகாட்டியுடன் சுற்றிக்காட்டும் ஒரு சிறிய படகுச் சேவையில் குடும்பத்துடன் சென்று வந்தேன். தோட்டத்துக் குடும்பங்கள் ஒருமுறையாவது பயன்படுத்த வேண்டிய சேவை இது.

ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரப்புள்ள இக்காடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டுப் பராமரிக்கப்படுகிறது. பாக்காவ் எனும் அலையாத்தி மரங்களை 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டிக் கரிச்சூளைகளுக்கு அனுப்புகிறார்கள். கழுகுகளைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், வழிகாட்டி படகை நிறுத்தி, வேர்களுக்கிடையே படிந்துள்ள சேற்றைக் காட்டி விளக்கியதே இச்சேவையின் உயிர். 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு, மரங்களின் அடர்த்தியையும் நீரின் ஆழத்தையும் பொறுத்து, அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கவல்லது. வேர்கள் வண்டலைப் பிடித்து வைப்பதால், கடல்மட்டம் மெல்ல உயரும்போது காட்டின் தரையும் கூடவே உயர வாய்ப்புண்டு. கடல்நீரைத் தடுக்க மண்ணால் கட்டிய அணைக்கரைக்கு அந்த ஆற்றல் இல்லை. ஆனால் அணைக்கரை காட்டை ஒட்டியே இருந்தால், நிலப்பக்கம் நகர வழியின்றிக் காடு கடலுக்கும் கரைக்கும் நடுவே குறுகி அழியும். மதகும் அணைக்கரையும் உள்ள கடலோரத் தோட்டத்தில் மண்டோராக (தோட்டக் கங்காணியாக) இருந்த என் மாமனார் இதைப் பற்றித்தான் வழிகாட்டியுடன் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

தகவமைப்பு என்பது பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகளுக்கு ஏற்ப நம்மைத் தயார்ப்படுத்திக் கொள்வது. 2010இல் கான்கூனில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் உருவான தேசியத் தகவமைப்புத் திட்ட நடைமுறைக்கும், 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவுக்கும் இக்காடு நேரடித் தொடர்புடையது. தகவமைப்பில் இயற்கைச் சூழலமைப்புகளையும் கருத்தில் கொள்ள வேண்டுமென்று அப்பிரிவு கூறுகிறது. மலேசியாவின் தேசியத் தகவமைப்புத் திட்டத்தில் அணைக்கரைக்கு ஒதுக்குவது போலவே காட்டுக்கும் ஆண்டுதோறும் பராமரிப்பு நிதியும், அது நகர்வதற்கான நிலமும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடலோரங்களில் ஏராளமான கன்றுகள் நடப்பட்டன. அலை நேரடியாக மோதும் சேற்றில் நட்டவை பல இடங்களில் நிலைக்கவில்லை. இடமறிந்து நடுவதற்கும், நட்டபின் காப்பதற்கும் பணம் வேண்டும்.

குறைகளும் உண்டு. திரும்பும்போது படகை வேகமாக ஓட்டினார்கள். அந்த அலை ஆற்றங்கரையை அரிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. விளக்கத் தாள் தமிழில் இல்லை. தமிழ்ப்பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் தமிழ் விளக்கத் தாள் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்பது நல்லது. காட்டினுள் உள்ள மரப்பாலத்தில் நடப்பதற்கு, வேர்கள் தெளிவாகத் தெரியும் வற்றுநேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.