வெள்ளைக் கூழாங்கல்லா, சலவைக்கல் துண்டா: தோட்டத்தில் நிறம் நிற்பது எது?

தோட்ட அலங்காரத்துக்குக் கல் வாங்க வருவோர் முதலில் கேட்பது, எந்தக் கல் நிறம் மாறாது என்பதே. திறந்த வெளியில் வெயிலும் மழையும் படுகிற எந்தக் கல்லும் ஓரளவு மாறவே செய்யும் என்பதால், மாறிய நிறத்தைக் கல்லுக்குச் சேதமின்றி மீட்க முடியுமா என்று கேட்பதே பயன் தரும். அப்படிப் பார்த்தால், கடையில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வெள்ளைக் கற்களுக்கிடையே பெரிய வேறுபாடு தெரியவரும்.

முதலாவது, உருட்டி முனை மழுக்கிய சலவைக்கல் துண்டு. இதன் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் இதன் கடினம் 3 என்ற அளவிலேயே இருக்கிறது. மாசற்ற மழைநீரும்கூடக் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, ஏறத்தாழ 5.6 பிஎச் அளவில் இலேசான அமிலமாகவே விழுவதால், பளபளத்த மேற்பரப்பு சிறிது சிறிதாகக் கரைந்து சொரசொரப்பாகிறது. அந்தச் சொரசொரப்பில் தூசியும் செம்மண்ணும் தங்குகின்றன. நிழலும் ஈரமும் சேர்ந்த இடமானால் பாசி பற்றிப் பச்சையாகவும் பிறகு கருமையாகவும் படிகிறது. மஞ்சளிக்கும் தாஜ்மகாலின் சலவைக்கல்லுக்கு அமிலக் கழுவலைத் தவிர்த்து முல்தானி மண்ணைப் பூசி எடுப்பதன் காரணமும் இதுவே: கறையைக் கரைக்கும் அமிலம் கல்லையும் கரைத்துவிடும்.

இரண்டாவது, வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கல். இது சிலிக்கா, கடினம் 7. மழைநீரால் இதற்குக் கண்ணுக்குத் தெரியும் பாதிப்பு நேர்வதில்லை. ஆயினும் செம்மண்ணிலும் சில ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உள்ள இரும்பு இதன் நுண்விரிசல்களில் இறங்கி மஞ்சளும் பழுப்புமாகக் கறைபடுத்தும் என்பதால், இதை வாங்கினால் நிறம் மாறவே மாறாது என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சாதகம் என்னவென்றால், அந்தக் கறையை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். உப்புநீர், அதாவது சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர், தெளித்துத் தெளித்துப் படியும் வெள்ளைப் படலத்துக்கு வினிகரே போதும். சலவைக்கல்லில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. அந்தப் படலமும் கல்லும் பெரும்பாலும் ஒரே பொருளாகையால், வினிகருக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. வாங்கும்போது ஓர் இரும்பு ஆணியால் கீறிப் பார்ப்பது நல்லது: சலவைக்கல்லில் கோடு விழும், குவார்ட்ஸில் விழாது.

கறுப்பு நிறத்திலும் இதே போட்டிதான். ஆந்திரத்திலிருந்து வரும் கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல் வகையே. அதன் கருமை உள்ளிருக்கும் கரிப்பொருளால் வருவது. வெளியில் போட்டால் மெருகு போய்ச் சாம்பல் நிறமாக வெளுக்கும். எண்ணெய் தடவினால் கருமை திரும்பும், ஆனால் சில நாள்களுக்கு மட்டுமே. தோட்டத்தில் அந்த எண்ணெய் தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வணிகத்தில் கறுப்பு கிரானைட் எனப்படுவதில் பெரும்பகுதி டாலரைட் போன்ற எரிமலைக் குழம்புப் பாறை. உப்புநீர்ப் படலம் அதில் மிகவும் எடுப்பாகத் தெரியும் என்பது உண்மைதான், எனினும் துடைத்தெடுக்கலாம். இதில் கிரானைட்டையே நான் தேர்வேன்.

சாயம் ஏற்றிய நீல, சிவப்புக் கற்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலின் புறஊதாக் கதிர்கள் சாயத்தைச் சிதைத்துவிடும். அவை மீன்தொட்டிக்கு உரியவை.

ஆற்றுக் கூழாங்கற்கள் வீட்டுக்கு வந்ததும் மங்கிவிட்டன என்ற புகார் மட்டும் வேறு வகை. நனைந்த கல்லின் மேற்பரப்புப் பள்ளங்களை நீர் நிரப்புவதால் ஒளிச்சிதறல் குறைந்து நிறம் ஆழமாகத் தெரிகிறது. காய்ந்ததும் மீண்டும் வெளிறுகிறது. அங்கே நிறம் மாறவில்லை, நாம் நனைந்த கல்லைப் பார்த்து வாங்கியிருக்கிறோம். கடையில் கல்லைத் துடைத்து உலர்த்திக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம்.

ஆகவே மழை படாத தாழ்வாரத்துக்கும் பால்கனித் தொட்டிகளுக்கும் சலவைக்கல் துண்டு தாராளமாகப் போதும். திறந்த தோட்டத்துக்கு, அதிலும் செம்மண் தரைக்கு, குவார்ட்ஸே பொருத்தம். எதைப் பரப்பினாலும் அடியில் நீர் ஊடுருவும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, தெளிப்பு நீருக்குப் பதில் சொட்டு நீர்க் குழாயைப் போட்டால், மண் தெறிப்பதும் உப்பு படிவதும் பெருமளவு குறையும்.