ஐபிஎம் பிளெக்ஸ் சான்ஸ் இட்டாலிக்: சின்ன 'ஏ'யைப் பார்த்தாலே தெரிந்துவிடும்

எழுத்து முனைகளில் குறுங்கோடு இல்லாத சான்ஸ்-செரிஃப் ஃபான்ட்டுகள் பலவற்றில் இட்டாலிக் என்பது நேரெழுத்தை வலப்பக்கம் சரித்து வைத்ததுதான். ஹெல்வெட்டிகா அந்த ரகம். 2017இல் வெளிவந்த பிளெக்ஸ் சான்ஸ் அப்படியில்லை. ஐபிஎம்மின் வடிவமைப்பாளர் மைக் அபிங்க்கும் போல்டு மண்டே என்ற ஃபான்ட் நிறுவனமும் எட்டு எடைகளுக்கும் (எழுத்தின் தடிமன் அளவுகளுக்கும்) தனித்தனியாக இட்டாலிக் வரைந்திருக்கிறார்கள். ஆங்கிலச் சிறிய 'ஏ' நேரெழுத்தில் தலையில் கொக்கி வைத்த இரண்டடுக்கு வடிவம். இட்டாலிக்கில் அது கையெழுத்துபோல ஒரு வட்டமும் ஒரு கோடும். சாய்வு மட்டுமின்றி வடிவமும் மாறுவதால், பத்தி நடுவே ஒரே ஒரு சொல் வந்தாலும் கண் பிடித்துக்கொள்கிறது.

நூல் தலைப்பு, படக்குறிப்பு, பனைமரத்தின் பொராசஸ் ஃபிளபெல்லிஃபர் போன்ற அறிவியல் பெயர்: இவற்றுக்கு அருமை. முழுப் பத்திக்கு வேண்டாம். சிறிய அளவில் தின், லைட் எடைகளைத் தொடாதீர்கள். மலிவான திரையில் சாய்ந்த கோடுகள் படிக்கட்டாகிவிடும். ரெகுலர் மெலிவாகத் தெரிந்தால் 450 எடையுள்ள 'டெக்ஸ்ட்' இருக்கிறது. பலர் கண்டுகொள்ளாத நல்ல எடை அது.

ஃபான்ட்டின் மேல் வரும் புகார்களில் பாதி, அதை ஏற்றிய விதத்தின் கோளாறு. நேரெழுத்துக் கோப்பை மட்டும் ஏற்றினால் பிரவுசர் தானே அதைச் சரித்துக் காட்டும். சாய்ந்த 'ஏ' இன்னும் கொக்கியோடு நின்றால் அது போலி. இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. இட்டாலிக் கோப்பைச் சேர்க்கும்போது ஃபான்ட்-ஃபேஸில் (ஃபான்ட் கோப்பை அறிவிக்கும் சிஎஸ்எஸ் விதியில்) ஸ்டைலை 'நார்மல்' என்று விட்டுவிட்டால், ஏற்கெனவே சாய்ந்த எழுத்தைப் பிரவுசர் மறுபடி சாய்க்கும். எழுத்து விழப்போவதுபோல நிற்கும். கூகுள் ஃபான்ட்ஸ் முகவரியில் நேரெழுத்துக்கு 0, இட்டாலிக்குக்கு 1; காற்புள்ளிக்குப் பின் எடை எண். இந்த ஜோடிகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். 1,400ஐ 0,600க்கு முன்னால் எழுதினால் பிழைதான் வரும், ஃபான்ட் வராது. அச்சுக்குப் போகும் பிடிஎஃப் என்றால், ஆவணப் பண்புகளின் ஃபான்ட் பட்டியலில் இட்டாலிக் என்ற பெயர் தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இன்னொன்று, இட்டாலிக் சொல்லை அடுத்து மூடும் அடைப்புக்குறி நேராக வந்தால், உயரமான கடைசி எழுத்தின் தலை அதில் முட்டும். அங்கே மயிரிழை இடைவெளி விடுங்கள்.

தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கத்தில்தான் தலைவலி. பிளெக்ஸில் தமிழ் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழைத் துணைக்கு வைத்தால், அதற்கு இட்டாலிக் இல்லாததால் பிரவுசர் தமிழையும் போலியாகச் சரிக்கும். 'ழ'வும் 'ஞ'வும் சாய்ந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்காது. தமிழ் மொழிக்குறி (lang="ta") உள்ள பகுதிக்கு ஃபான்ட்-ஸ்டைலை 'நார்மல்' ஆக்கி, அழுத்தத்துக்கு 600 எடை கொடுத்துவிடுங்கள்.

உரிமம் திறந்த ஃபான்ட் உரிமம். வணிக வேலைக்கும் காசு இல்லை. வடிவத்தைத் திருத்தி வெளியிட்டால் மட்டும் 'பிளெக்ஸ்' என்ற பெயரை எடுத்துவிட வேண்டும்.