பின்தொடை பிடித்தபின்: கட்டா, மெஷினா, தாளமா?

போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டிய நொடியில் வலது பின்தொடையில் சுளீரென்றது. காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாந்தோப்பு ஓரத்துக் கபடிக் களம். அதற்குப்பின் மூன்று வைத்தியத்தையும் பார்த்துவிட்டேன்.

முதலில் கட்டு. எங்கள் பக்கம் கை கால் பிசகினால் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது புத்தூர் கட்டுதான். எலும்பு முறிந்தால் அசையாமல் வைத்தே ஆகவேண்டும். தசைக்குச் சில நாள் ஓய்வு போதும். நான் மூன்று வாரம் கட்டோடு கிடந்தேன். நஷ்டம் தசைக்கு மட்டுமில்லை. அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று (2014): நன்றாக இருந்த மணிக்கட்டையே நான்கு வாரம் கட்டி வைத்தார்கள். சும்மா இருந்தவர்கள் சுமார் 45 சதவீத பலத்தை இழந்தார்கள். கட்டுக்குள் இருந்தபடியே கையை மடக்குவதாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இழப்பு சுமார் 24 சதவீதம்தான். இரண்டு கூட்டத்தின் கையும் ஒரேமாதிரிதான் கட்டுண்டு கிடந்தது, வித்தியாசம் மூளையில்.

அடுத்தது ஜிம்மில் லெக் கர்ல் மெஷின். பலம் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் கம்பி ஒன்றுதானே? இரண்டு காலும் சேர்ந்து மடக்கும்போது இடது கால் சத்தமில்லாமல் பாதிக்கும் மேலான சுமையைத் தூக்கிக்கொடுத்தது. இறக்கும்போதோ நான் 'டங்'கென்று விட்டுவிடுவேன். எனக்கு வேண்டியிருந்த வேலையே அந்த இறக்கம்தான். தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் அந்தக் கட்டத்தில், முன்பு கிழிந்த பின்தொடைக்கு நரம்புத் தூண்டல் குறைவாகப் போவதை அளந்து காட்டியிருக்கிறார்கள், அதுவும் வலி போய் ஆட்டத்துக்குத் திரும்பிய வீரர்களிடம். முழங்காலிலும் இதேபோல ஒன்று உண்டு: நல்ல மூட்டுக்குள் உப்புநீரை ஏற்றி வீங்க வைத்தாலே முன்தொடைத் தசை மந்தமாகிவிடும். கையை விட்டபிறகும் ஹேண்ட்பிரேக் இறங்காத வண்டி மாதிரி.

மூன்றாவது நார்டிக் என்ற பின்தொடைப் பயிற்சி. சாக்கை மடித்துப் போட்டு மண்டியிட வேண்டும், ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்தபடி மெதுவாக முன்னால் சாய வேண்டும். முதல் வாரத்தில் தொடவே கூடாது; எனக்கு பிசியோ அனுமதித்தது வெகுநாள் கழித்து. டென்மார்க் கால்பந்து வீரர்களிடம் நடந்து 2011-ல் வெளியான சோதனையில், இதைச் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் வெகுவாகக் குறைந்தது, குறிப்பாகத் திரும்பத் திரும்ப வரும் காயம்.

இதோடு நான் சேர்த்துக்கொண்டது தாளம். தெருக்கூத்துக்கு மிருதங்கம் வாசிக்கும் சிநேகிதன் ஒருவன் பக்கெட்டில் தட்டுவான். நாலு தட்டுக்கு ஓர் இறக்கம். தன் இஷ்ட வேகத்தில் எடை தூக்குவதைவிட மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக் கருவி) தாளத்துக்குத் தூக்கினால் மூளை தசைக்குப் போடும் தடை தளர்வதாக ஆய்வுகள் உண்டு. அவை பெரும்பாலும் காயமில்லாதவர்களிடமும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வலிக்காரர்களிடமும் செய்தவை, ஆகவே பின்தொடைக்கு இதுவே மருந்து என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் தாளம் பொய் சொல்ல விடாது. மூன்றாவது தட்டில் உடம்பு இடப்பக்கமாகத் திருகுவதை அவன்தான் முதலில் பார்த்தான். "மச்சான், நேரா விழுடா!" என்று அதட்டிவிட்டுத் திரும்ப ஒன்றிலிருந்து தட்டுவான்.

செலவென்று பார்த்தால் ஒரு பழைய சாக்கு. இப்போது மூன்றரைத் தட்டு வரை நேராக இறங்குகிறேன். நாலு வரும்வரை ரைடுக்குப் போவதில்லை, கார்னரில் நிற்கிறேன்.