ஐஎல்-2 1946: மிஷன் பில்டரோடு பன்னிரண்டு வருடம்

போன மாதம் என் பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று நாள் கழித்துப் போனால், "சார், ஒண்ணும் எடுக்க முடியல" என்று திருப்பிக் கையில் வைத்துவிட்டார்கள். போட்டோக்கள் வேறு இடத்திலும் இருந்ததால் அதில் கவலை இல்லை. நெஞ்சு அடைத்தது மிஷன்களை நினைத்துத்தான். ஐஎல்-2 ஸ்டர்மோவிக் 1946 என்ற போர் விமான கம்ப்யூட்டர் கேமில் நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கட்டிய முப்பத்திச் சொச்சம் மிஷன்கள், அதாவது எந்த விமானம் எங்கே, எப்போது பறக்க வேண்டும் என்று நானே அமைத்த ஆட்டங்கள்.

வீட்டுக்கு வந்து பழைய மெயில்களைக் கிளறினேன். எனக்கு நானே அனுப்பி வைத்திருந்தவை, கிட்டத்தட்ட எல்லாமே கிடைத்தன. ஒவ்வொன்றும் சில கேபி. இந்த கேமில் ஒரு மிஷன் என்பது நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய வெறும் டெக்ஸ்ட் ஃபைல். அந்த ஒரு விஷயத்துக்காக இதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அதே வாரம் ஆபீசில் பக்கத்து சீட்டுத் தம்பி கேட்டான்: "அண்ணா, ஐஎல்-2 ஆஃபர்ல வந்திருக்கு. மிஷன் நாமளே பண்ணலாமாமே. வாங்கவா?" டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விமானம் ஓட்டுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2001-ல் வந்த கேமின் வம்சம், 2006-ல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வந்த தொகுப்பு, அதன் அருமை ஓட்டியவர்களுக்குத் தெரியும். நான் பேசுவது உள்ளே இருக்கும், மிஷன்களை நாமே கட்டுகிற கருவியான ஃபுல் மிஷன் பில்டரைப் பற்றி மட்டும். அதுவும் கேமுக்கு வந்த திருத்தப் பதிப்புகளில் 4.10 பேட்சோடு நின்றுவிட்டவன் நான். பிறகு வந்த பேட்சுகளில் பழகியவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு ஒரு காலைப் பொழுதைக் கட்ட வேண்டும் என்று ஆசை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு. முந்தின நாள்தான் ஒரு கேட்டலினா ரோந்து விமானம் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டுபிடித்துச் செய்தி அனுப்பியிருந்தது. அப்படியும் காலை ஏழே முக்கால் சுமாருக்கு ஜப்பானிய விமானங்கள் வந்தபோது கொழும்புக்குப் பக்கத்தில் ரத்மலானா விமானதளத்தில் பிரிட்டிஷ் ஹரிகேன் போர் விமானங்கள் தரையில் நின்றன. ரேடார் வைத்திருந்தும் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. குண்டு விழ விழ விமானிகள் ஓடிப் போய் ஏறினார்கள். குதிரைப் பந்தய மைதானத்தில் அமைத்த இன்னொரு ஓடுதளம் இருப்பது ஜப்பானியர்களுக்குத் தெரியாததால் அங்கிருந்தவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்தது.

மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அந்த மாதமே மெட்ராஸ் காலியானது. எங்கள் பாட்டிக்கு அப்போது ஏழு வயது. திருவல்லிக்கேணி வீட்டைப் பூட்டிக்கொண்டு எழும்பூரில் ரயிலேறி கும்பகோணம் போனதைக் கடைசிவரை "இவாகுவேஷன்" என்றேதான் சொல்லுவாள். வேறு இங்கிலீஷ் வார்த்தை அவள் வாயில் அதிகம் வந்ததில்லை. அந்த ரயிலுக்குக் காரணமான காலையை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கேமில் இலங்கை வரைபடம் கிடையாது. சிங்கப்பூர் வரைபடத்தை எடுத்து, கடலோரத்தில் ஒரு விமானதளத்தை ரத்மலானாவாக வைத்துக்கொண்டேன். பந்தய மைதானத்துக்கு ஒரு தனி ஓடுதளம் வைக்க வேண்டும். அது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தேடியே ஒரு ராத்திரி போனது. கட்டடங்களில் இல்லை, வாகனங்களில் இல்லை. நின்றிருக்கும் கப்பல்கள் பட்டியலில், சரக்குக் கப்பல்களுக்கும் நாசகாரிகளுக்கும் நடுவில் 'டெஸ்ட் ரன்வே' என்று கிடக்கிறது. தெரிந்த ஒருத்தர் சொல்லாவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதெல்லாம் பழகிவிடும். பன்னிரண்டு வருடமாகப் பழகாதது ஒன்று உண்டு. இந்த பில்டருக்கு 'நடந்தால்' என்பது தெரியாது. 'இத்தனை மணிக்கு' என்பது மட்டும்தான் தெரியும். எதிரி இந்த இடத்துக்கு வந்தால் இந்த ஹரிகேன்கள் கிளம்பட்டும் என்று சொல்ல வழியே இல்லை. நான் நின்ற 4.10-ல் டிரிகர் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு விமானப் பிரிவுக்கும் மிஷன் தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் புறப்பட வேண்டும் என்று ஓர் எண் கொடுக்கலாம். அவ்வளவுதான்.

கொழும்புக் காலையின் உயிரே அந்தத் திடீர் என்பதில்தான் இருக்கிறது. அதை ரயில்வே டைம்டேபிள் மாதிரி கட்ட வேண்டியிருக்கிறது. மிஷன் ஃபைலில் நேரத்தை தசமத்தில் எழுத வேண்டும். ஏழரை என்றால் 7.5, ஏழே முக்கால் என்றால் 7.75. கால், அரை, முக்கால் என்று நேரம் சொல்லி வளர்ந்தவனுக்கு அது மட்டும் சுலபமாக வந்தது. ஏழரைக்கு மிஷன் தொடங்குகிறது. 'வால்' (Val) என்ற ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களை மணிக்கு 300 கிலோமீட்டரில் பறக்கவிட்டால் நிமிடத்துக்கு 5 கிலோமீட்டர். ஏழே முக்காலுக்கு வர வேண்டுமானால் கடலில் 75 கிலோமீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். ரத்மலானா பிரிவுக்குப் புறப்பாடு 15-வது நிமிடம்.

காகிதத்தில் சரி. நடந்தது வேறு.

வால்கள் அணி கூடிப் பறக்கவே நேரம் பிடித்தது. காவலுக்கு வந்த ஜீரோ என்ற ஜப்பானியப் போர் விமானங்கள் வளைந்து வளைந்து வருவதில் பின்தங்கின. மொத்தக் கூட்டமும் ஒரு நிமிடம் நாற்பது விநாடி தாமதம். அதற்குள் ஹரிகேன்கள் ஓடுதளத்தை விட்டுக் கிளம்பி, சக்கரத்தை மடக்கி, மேலே ஏறிக்கொண்டிருந்தன. சரி, புறப்பாட்டை 17 ஆக்கினேன். அடுத்த தடவை எல்லாம் ஒழுங்காக வந்தது, ஆனால் மூன்றாவது ஹரிகேன் குண்டில் சிக்கி ஓடுதளத்தின் நடுவிலேயே எரிந்தது. பின்னால் நின்ற விமானம் இஞ்சினை ஓடவிட்டபடி அப்படியே நின்றது. அது விலகிப் போகவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

ஒரு எண்ணை மாற்றினால் முழு மிஷனையும் தொடக்கத்திலிருந்து ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஒரு சோதனைக்குக் கால் மணி நேரம். நேரத்தை வேகப்படுத்தலாம், ஆனால் நாற்பது விமானம் வானத்தில் இருக்கும்போது என் மெஷின் திணறிவிடும். ஒரு ராத்திரியில் நான்கு சோதனை செய்தால் அதிகம். கொழும்பு மிஷனுக்கு மட்டும் நோட்டில் 61 சோதனைகள் குறித்து வைத்திருக்கிறேன். இடையில் ஒருநாள் கை தவறி, பதினாறு வால்களின் மொத்த வழிப்பாதையையும் அழித்துவிட்டேன். பில்டரில் அன்டூ கிடையாது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. விமானத்தின் ஒவ்வொரு ரிவெட்டையும் பார்த்துப் பார்த்துச் செய்த ஒரு கேமில், மிஷன் கட்டுகிறவனுடைய உழைப்புக்கு இவ்வளவு குறைந்த மரியாதையா என்று கேட்கத் தோன்றியது.

இன்னொரு வருத்தமும் உண்டு. மிஷனுக்கு முன்னால் வரும் விளக்கத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். திரையில் எழுத்தே வரவில்லை. கடைசியில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதினேன். என் அப்பாவுக்கு அப்படிப் படிக்க வராது. "வாசிச்சுக் காட்டுடா" என்பார். அதனால் ஒவ்வொரு மிஷனுக்கும் முன்னால் நானே உரக்க வாசித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவேன். அவர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

நியாயமாகப் பேச வேண்டுமானால் அந்த டெக்ஸ்ட் ஃபைலுக்குத் திரும்ப வர வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டாவது மாதமே விட்டிருப்பேன். வரைபடம், நேரம், மேக உயரம் மேலே. அதன் கீழே பிரிவுகளின் பெயர். ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனை விமானம், எந்தத் திறமை, எவ்வளவு பெட்ரோல். அப்புறம் வழிப்பாதை, புள்ளி புள்ளியாக. திறமை 0 என்றால் புதியவன், 3 என்றால் சூரன். ஜீரோ விமானிகளையெல்லாம் ஒரு படி ஏற்ற பில்டரில் பெட்டி பெட்டியாகத் திறக்கத் தேவையில்லை. நோட்பேடில் தேடி மாற்றினால் ஒரு நிமிட வேலை. மெட்ரோவில் ஆலந்தூரிலிருந்து ஆபீஸ் போவதற்குள் போனிலேயே ஒரு பிரிவின் பாதை முழுவதையும் மாற்றி எழுதியிருக்கிறேன். அழித்த அந்தப் பதினாறு வால்களையும் பழைய மெயிலிலிருந்து வெட்டி ஒட்டித்தான் மீட்டேன். ஹார்டு டிஸ்க் போன பிறகும் அதே வழிதான் காப்பாற்றியது.

49-வது சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. கேமராவை வெளியே எடுத்து ஓடுதளத்தின் ஓரத்தில் தரையோடு தரையாக வைத்திருந்தேன். முதலில் சத்தம் மட்டும் வந்தது. பிறகு வால்கள் ஒவ்வொன்றாக வரிசையிலிருந்து கழன்று, மூக்கைக் கீழே குத்தி, இறக்கைக்கு அடியில் வேகத்தடைப் பலகைகள் திரும்ப, நேரே இறங்கின. முதல் குண்டு ஓடுதளத்தின் கடைசியில் விழுந்த அதே கணத்தில் முதல் ஹரிகேனின் பின்பகுதி தரையை விட்டு எழும்பியது. இரண்டாவது புகைக்குள் புகுந்து வெளியே வந்தது. மூன்றாவது வரவில்லை. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா இதைத்தான் சொன்னாளா?" என்று கேட்டார். எங்கள் நங்கநல்லூர் வீட்டுக்கு மேலே நிஜ விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது, சத்தம் எதிலிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. அந்த மத்தியானத்துக்காக இந்த பில்டர் செய்த எல்லாவற்றையும் மன்னித்தேன்.

அந்த மனநிலையிலேயே எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்று சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு நான் மேகத்தில் கை வைத்தேன். அன்று கொழும்பில் மேகம் கவிந்திருந்தது. ஜப்பானியர்கள் அதற்குள்ளிருந்து வெளிப்பட்டார்கள் என்பது அந்தக் காலையின் பாதிக் கதை. மேகத்தை ஆயிரம் மீட்டரில் அடர்த்தியாகப் போட்டேன். பந்தய மைதானத்து ஹரிகேன்கள் கிளம்பியதும் நேராக மேகத்தைத் துளைத்து ஏறி ஜீரோக்கள் மேல் பாய்ந்தன. கம்ப்யூட்டர் ஓட்டும் விமானிகளுக்கு நான் வைத்திருக்கும் பேட்சில் மேகம் ஒரு தடையே இல்லை, அதன் வழியாகவும் பார்ப்பார்கள். எனக்கு மட்டும்தான் கண் மறைக்கிறது. பாதையை வளைத்தேன், உயரத்தை மாற்றினேன், நேரத்தைத் தள்ளினேன். பன்னிரண்டு சோதனை. எந்த எண்ணை எங்கே மாற்றினாலும் திடீர் என்பது வரவில்லை. நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு மூடிவிட்டுப் படுத்தேன்.

ஆகவே தம்பி, மிஷன் கட்டுவதற்காக என்றால் வாங்காதே. ஓட்டுவதற்கு என்றால் அந்த விலைக்கு யோசிக்கவே வேண்டாம். ஆனால் நீ கேட்டது கட்டுவதைப் பற்றி. உனக்குக் கைக்குழந்தை இருக்கிறது. ஒரு நிமிடம் நாற்பது விநாடியைச் சரிசெய்ய இரண்டு வாரம் உட்காருகிற நிலையில் நீ இல்லை.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டாய் என்றால், என் கொழும்பு ஃபைலை மெயிலில் அனுப்பியிருக்கிறேன், மேகம் இல்லாத 49-வது பதிப்பு. விளக்கத்தை வீட்டில் யாருக்காவது உரக்க வாசித்துக் காட்டிவிட்டு ஆரம்பி. எதை மாற்றினாலும் வேறு பெயரில் சேமி.