கடலோர ஊரில் தங்க ரேக்கு: நிழற்படத்தின் மேல் ஒட்டிப் பார்த்த அனுபவம்

நிழற்படத்தில் தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லியதாக அடித்த தங்கத் தாள், ஒட்டி உருவப்படம் செய்ய விரும்புகிறவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "அசல்தான் வேண்டுமா, போலி போதாதா?" என்பதுதான். புதுச்சேரி வைத்திக்குப்பத்தில், கடற்காற்று நேராக வீசும் எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டும் சில ஆண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. படம் ஒன்றுதான்: ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த எங்கள் ஆயாவின் (பாட்டியின்) முகம். ஒன்றின் பின்புலம் 23 காரட் ரேக்கு. மற்றது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை ரேக்கு. வார்னிஷ் இரண்டுக்கும் ஒன்றே.

முதல் கோடை வரை, வந்தவர்கள் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் பித்தளை தன் குணத்தைக் காட்டியது. ரேக்கும் ரேக்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்புகளில் முதலில் பழுப்பு, பிறகு பச்சைக் களிம்பு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் அடித்து, சுவரெல்லாம் ஓதம் ஏறிய பிறகு ஆயாவின் தோளுக்குப் பின்னால் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் விழுந்துவிட்டன. அசலில் ஒரு மாற்றமும் இல்லை. கடலூரோ புதுச்சேரியோ, உப்புக் காற்று படும் வீடு என்றால் அசலையே வாங்குங்கள். நகைக்கடை விலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்கு அடித்து மெலிந்த தாள் அது. 25 தாள் கொண்ட ஒரு புத்தகத்தில் அரை கிராம் தங்கம்கூட இருக்காது.

நிழற்படத்தைப் பருத்தி மேட் தாளில், நிறமி மையில் அச்சிடுங்கள். பளபளப்பான ஸ்டுடியோ பிரிண்டில் பசை சரியாகப் பிடிப்பதில்லை. மேட் தாள் பசையை உறிஞ்சும் என்பதால், முதலில் அக்ரிலிக் மீடியம் என்ற நிறமில்லாத பூச்சை மெல்லியதாக இரண்டு முறை பூசிக் காயவிட வேண்டும். ரேக்கு வரும் இடத்தில் காவி நிறம் அடித்துக்கொள்வது என் வழக்கம். ரேக்கு வெடிக்கும் இடங்களில் அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும். ஆயாவின் நரைமுடி ஓரத்தில் அப்படி ஒரு மயிரிழை வெடிப்பு இருக்கிறது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமே அதுதான்.

ரேக்கை ஒட்டும் நீர்ப்பசை பூசியதும் பால்போல் வெளுத்திருக்கும். கண்ணாடிபோல் தெளிந்த பிறகு விரல் மூட்டால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று பிடிக்க வேண்டும், கையில் ஈரம் வரக் கூடாது. மழைக்காலத்தில் இதற்கு நேரம் கூடுதலாகும். அவசரப்பட்டால் ரேக்கு பசைக்குள் அமிழ்ந்து மங்கிவிடும். மின்விசிறி ஓடக் கூடாது, பேச்சும் கூடாது. மூச்சுக் காற்றுக்கே ரேக்கு சுருண்டுவிடும். பழகாதவர்கள் மெல்லிய தாளில் அழுத்தி வரும் ரேக்கை வாங்கினால் கை கூசாமல் வேலை செய்யலாம்.

முகத்தில் மட்டும் தங்கம் வேண்டாம். காலை வெயிலில் பின்புலம் தகதகக்கும்போது முகம் இருண்டு தெரிகிறது. சாயங்காலம் தங்கம் அடங்கியதும் கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றாகத் துலங்குகிறது. கன்னத்திலேயே ஒட்டினால் அந்தச் சுருக்கங்கள் போய்விடும். மூக்குத்தியில் மட்டும் ஊசிமுனை அளவு வைத்தேன்.

அசல் தங்கத்துக்குக் களிம்பு பயம் இல்லாததால், அந்த இரண்டு படங்களுக்குப் பிறகு செய்பவற்றில் வார்னிஷை விட்டுவிட்டேன். அதனால் மினுக்கம் கூடியிருக்கிறது. ஆனால் துணியால் துடைத்தால் உரிந்துவிடும். பிரேமில் கண்ணாடி படத்தைத் தொடாதபடி உள்ளே சட்டம் வைத்து, பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே காற்றோட்டம் விட்டு மாட்டச் சொல்லுங்கள்.