கடற்காற்றில் நிற்கும் பேட்மேன்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

மூட்டு அசையும் பொம்மை உருவங்களைப் பற்றிப் பெட்டி திறந்த அன்றே எழுதப்படும் மதிப்பீடுகள், திருகோணமலையில் அவற்றைச் சேகரிப்பவர்களுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. முகம் எப்படி, வர்ணம் எப்படி, கை கால் எவ்வளவு மடங்குகிறது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். நமக்கு உள்ள கேள்வி வேறு. மாரியின் ஈரம், கோடையில் கச்சான் காற்றின் வெக்கை, ஆண்டு முழுவதும் காற்றில் இருக்கும் உப்பு, இவற்றுக்கு அந்த உருவம் ஈடுகொடுக்குமா? என்னிடமுள்ள பேட்மேன் உருவம் உட்துறைமுக வீதிப் பக்கமுள்ள எங்கள் வீட்டில் பல மாரிகளைக் கண்டுவிட்டது. இப்போது அதைப் பற்றி உறுதியாகப் பேசலாம்.

ஜப்பானியத் தயாரிப்பு, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. சித்திரக்கதைகளில் பேட்மேனின் உயரம் வழக்கமாக 6 அடி 2 அங்குலம், அதாவது 188 சென்ரிமீற்றர். பன்னிரண்டால் வகுத்தால் 16 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. என் உருவமும் அந்த உயரம்தான். 1939 இல் பில் ஃபிங்கரும் பாப் கேனும் உருவாக்கிய பாத்திரத்தின் சாம்பல் உடலும் கருநீல முகமூடியுமான தோற்றம் இது. முகமூடி முடிந்து தாடை தொடங்கும் கோட்டில் வர்ணம் ஒரு மயிரிழைகூட வழியவில்லை. உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தாலும் அந்தக் கோடு கூர்மையாகவே இருக்கிறது. இத்தனை காலம் கையாண்ட பிறகும் அங்கே தேய்மானம் இல்லை.

மூட்டுகள்தான் இதன் பெருமை. முழங்கால் இரட்டை மடிப்பு என்பதால் குதிகால் தொடையைத் தொடும்வரை மடங்குகிறது; கூரை விளிம்பில் குந்தியிருக்கும் அந்தப் புகழ்பெற்ற நிலை பிசகின்றி வருகிறது. தோள்பட்டைக்குள் இன்னொரு மூட்டு மறைந்திருக்கிறது. அதனால் எறிகருவி பிடித்த கை மார்பைக் கடந்து மறுதோள்வரை வரும். இந்த ஒரு அசைவுக்காகவே இதற்குக் கொடுத்த விலை தகும் என்பேன்.

இடர் வந்தது போர்வையில். தோளிலிருந்து தொங்கும் துணிப் போர்வையின் ஓரத்தில் மெல்லிய கம்பி தைக்கப்பட்டிருக்கும். அதை வளைத்தால் துணி காற்றில் பறப்பதுபோல் நிற்கும். இரண்டாவது மாரி முடிந்த தை மாதத்தில் கீழ் ஓரத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. நாளடைவில் அது நீண்டு, தையல் நெடுகக் கோடாகியது. கம்பி துருப்பிடித்து, அந்தத் துரு துணியில் ஊறியிருந்தது. கடலோரத்தில் யன்னல் கம்பிக்கும் சைக்கிள் செயினுக்கும் நேர்வதுதான் இதற்கும் நேர்ந்திருக்கிறது. ஆனால் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்த விலைக்கு விற்கும் பொருளில் துருப்பிடிக்காத கம்பி வைத்திருக்க வேண்டும். இதை நான் உண்மையான குறைபாடாகவே கருதுகிறேன்.

போர்வையைக் கழற்றிச் சந்தைப் பக்கமுள்ள தையற்கடை அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். “தம்பி, இது இயந்திரத் தையல். மிக நெருக்கம். கீழ் ஓரத்தை மட்டும் பிரிப்போம், மேலே கை வைக்க வேண்டாம்” என்றார். சவர அலகின் முனையால் ஒவ்வொரு தையலாக அறுத்தார். பழைய கம்பி இழுக்க இழுக்கத் துண்டு துண்டாக வந்தது. மின் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடையில் பூச்சுப் பூசிய மெல்லிய செப்புக் கம்பி கிடைக்கும். அதை நான் முன்னரே வாங்கி வைத்திருந்தேன். கம்பி நுனி துணியைக் குத்தாமலிருக்க இரு முனைகளையும் சிறு வளையமாக மடித்து உள்ளே விட்டு, கையால் தைத்துக் கொடுத்தார். பழுப்புக் கறை முழுவதும் போகவில்லை. ஆனால் போர்வை முன்னைவிட நன்றாக வடிவம் பிடிக்கிறது; அதன்பின் துரு இல்லை. ஒரே இடத்தில் அடிக்கடி மடித்தால் செம்பும் முறியும், ஆகையால் பெரிய வளைவுகளாகவே வளைக்கிறேன்.

வெக்கை செய்யும் வேலை வேறு விதம். உருவத்தின் மென்மையான பகுதிகள் பீவீசீ என்ற பிளாஸ்டிக். சூட்டில் அது இளகும். ஆவணி வெக்கையில் ஒற்றைக் காலில் நிறுத்தி வைத்தால் சில வாரங்களில் கணுக்கால் மெல்லச் சரிகிறது. கோடைக்கு இரு கால் ஊன்றிய நிலையும், முதுகைத் தாங்கும் ஸ்டாண்டும் வேண்டும். தளர்ந்த மணிக்கட்டு முளையில், குழாய் பொருத்துவோர் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றினேன், பிடிப்பு திரும்பிவிட்டது. இறுகிய மூட்டுக்கு இதே சூடு உதவும். வெந்நீரில் சற்று வைத்து எடுத்தால் பிளாஸ்டிக் இளகித் தானாகத் திரும்பும். வலிந்து முறுக்கினால் முளை உள்ளேயே முறியும்.

பலர் என்னிடம் கேட்பது பிசுபிசுப்பைப் பற்றி. பீவீசீயை மென்மையாக்கக் கலக்கும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் மேற்பரப்புக்கு வரும். சூடும் அடைத்த காற்றும் அதைத் துரிதப்படுத்தும். பத்திரமாக இருக்கட்டும் என்று ஒட்டிய பெட்டியிலேயே பூட்டி வைப்பதால் அது தப்பிவிடாது. என் உருவத்தில், கழற்றி மாற்றுவதற்காகக் கூடவே வந்த மாற்றுக் கைகளில் மட்டும் இது வந்தது. அவைதான் பெட்டித் தட்டிலேயே கிடந்தவை. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில துளி, இளஞ்சூட்டு நீர், மென்மையான பல்துலக்கி, பிறகு நிழலில் உலர்த்தல்: இவ்வளவே போதும். நகப்பூச்சு நீக்கியும் ஸ்பிரிட்டும் வர்ணத்தையே கரைத்துவிடும், கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

எங்கள் கண்ணாடி அலுமாரி கிழக்கு யன்னலுக்கு எதிர்ச்சுவரில் இருந்தது. காலை வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சாம்பல் நிறத்தை மஞ்சளாக்கும் என்பதால் யன்னல் இருக்கும் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டேன். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள் உண்டு. மாரியில் அவை விரைவில் ஈரமேறிவிடுவதால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது.

கடற்கரை ஊரில் இருந்துகொண்டு இதே உருவத்தை மறுபடி வாங்குவேனா? வாங்குவேன், அந்தத் தோள் மூட்டுக்காக. வந்த கையோடு கம்பியையும் மாற்றிவிடுவேன். தையற்கடைக்கு அலைய விருப்பமில்லாதவர்கள் பிளாஸ்டிக் போர்வையுள்ள உருவத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மக்ஃபார்லேன் டாய்ஸ் 2020 முதல் வெளியிட்ட பேட்மேன் உருவங்களில் அப்படிப்பட்டவை பல உண்டு. அவை 7 அங்குல அளவு, பன்னிரண்டில் ஒரு பங்கு உருவங்களின் பக்கத்தில் பெரிதாகத் தெரியும். பழைய உருவத்தைக் கைமாற்றாக வாங்குபவர்கள் முகத்தின் படத்தோடு நின்றுவிடாமல், போர்வையின் கீழ் ஓரத்தையும் இரு கணுக்கால்களையும் வெளிச்சத்தில் கிட்ட வைத்து எடுத்த படம் கேளுங்கள்.